தாரை வார்த்த கை

பூலாங்காட்டூரில் பிரியமாகத் தொட்ட கை தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது ஒரு சந்தை நாளில். பெங்களூர் கம்பெனி வேலைக்குத் திரும்பிப் போகிற மகனை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்த டெய்லர் வீட்டு ருக்மணி, அவன் கன்னங்களை வழித்து நெட்டி முறிப்பதற்காக இரண்டு கைகளையும் நீட்டினாள், கன்னம் வரைக்கும் போன கைகள் அங்கேயே நின்றுவிட்டன. அவள் இழுத்தாள், வரவில்லை. மகன் இழுத்தான், கன்னம்தான் நீண்டது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏறுனா ரெண்டு பேரும் ஏறுங்க, எறங்குனா ரெண்டு பேரும் எறங்குங்க, இப்பிடிப் படிக்கட்டுல நின்னு கொஞ்சீட்டிருந்தா நான் எப்பங்க ஈரோடு போய்ச் சேர்றது?" என்று கேட்க, ருக்மணியும் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லையில் இருக்கிற வாய்க்கால் பாலத்தை பஸ் தாண்டினதும் கைகள் தானாகக் கழன்றுவிட்டன. அவள் அங்கேயே இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்தே திரும்பி வந்து, வந்த காலோடு சந்தைக்குள் நுழைந்து கொள்ளு என்ன விலை என்று கேட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் யாரோடாவது ஒட்டியிருந்தார்கள். தலை வாரிவிட்ட தாயின் கை மகள் தலையில், வெற்றிலை கொடுத்த கிழவனின் விரல் கிழவியின் உள்ளங்கையில், தோளில் கை போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போன கூட்டாளிகள் ஐந்தாறு பேர் ஒரே சங்கிலியாக. ஏன் ஒட்டுகிறது என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்றார் ஒருவர், செல்போன் டவர்தான் காரணம் என்றார் இன்னொருவர், ஆனால் அந்த ஆராய்ச்சி டீக்கடையைத் தாண்டவில்லை, ஏனென்றால் ஊருக்கு அதைவிட அவசர வேலை இருந்தது. ஒட்டிக்கொண்ட கையோடு எப்படிக் குளிப்பது, எப்படித் தோசை சுடுவது, ரேஷன் கடை மிஷினில் எந்த விரலை வைப்பது என்று அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கற்றுக்கொண்டார்கள். ருக்மணியின் புருஷன், ஒட்டியிருக்கும்போதே போட்டுக் கழற்றுகிற மாதிரி, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பக்கவாட்டில் பட்டன் வைத்த சட்டை தைக்க ஆரம்பித்தார், ஆர்டர் தாங்கவில்லை. மாரியம்மன் கோயிலில் ஒட்டினவர்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள், தர்ம தரிசனத்தைவிட அந்த வரிசை வேகமாக நகர்ந்ததால் ஒட்டாதவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு அதில் நின்றார்கள், அப்படிப் பொய்யாக நின்றவர்களில் சிலர் பாதி வழியில் நிஜமாகவே ஒட்டிக்கொண்டு முழித்தார்கள். துணி நடுவில் இருந்தால் ஒட்டாது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். அடிக்கடி தொட்டுக்கொள்கிற வீடுகளில் ஒட்டினாலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் விட்டுவிடுகிறது, தொடாமலேயே காலம் தள்ளினவர்கள் ஒட்டினால் லேசில் விடுவதில்லை என்பதையும் அவர்களேதான் கண்டுபிடித்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவன் கழுத்தை ஒருவன் நெரிக்கப் போய், நெரித்த வாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு இரண்டு பேருக்கும் டீ வாங்கி ஊட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வரப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

பேரூராட்சித் தலைவருக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. அவர் பிறந்தநாளுக்குக் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் வரிசையாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு பந்திக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒரு கைகூட ஒட்டவில்லை. அடுத்த விசேஷத்துக்கு விசுவாசிகள் உள்ளங்கையில் போஸ்டர் ஒட்டுகிற பசையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டதால், தலைவரின் காலை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டியதாயிற்று.

சிரிக்க முடியாததும் நடந்தது. ரைஸ்மில் முதலாளி ஒருநாள் கடைவீதியில் எல்லாரும் பார்க்கத் தன் மனைவியின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார், பிறகு கையை எடுத்துக் கதவைச் சாத்தினார். அவ்வளவு சுலபமாக எடுத்தார். வீதியே தலையைக் குனிந்துகொண்டு அவரவர் டீ டம்ளருக்குள் பார்த்தது.

அந்த நேரத்தில் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் மாட்டுத்தீவனக் கடை ராக்கியப்பனும் ஒருவர். அன்றிலிருந்து அவர் தன் வலது கையைத் தோள்துண்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டே நடமாட ஆரம்பித்தார். கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்றார். சுளுக்கு இல்லை, பயம். அவருக்கு மோகனா என்று ஒரே மகள், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவள் மேல் அவர் கை பட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

குழந்தையாக இருக்கும்போது அவள் தூங்குகிற இடமே அவருடைய தொந்திதான். கடைக்குப் போனால் கழுத்து மேல், டிவிஎஸ் வண்டியில் போனால் முன்னால் நின்றுகொண்டு, ஹாண்டில்பாரில் இருக்கிற அவர் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டு அவள்தான் வண்டி ஓட்டுவதாக ஊருக்கெல்லாம் சொல்லுவாள். அவள் பெரியவளாகி, சீர் நடந்த அன்றைக்கு, வழக்கம்போல அவர் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தவளைப் பார்த்து ராக்கியப்பனின் அக்கா, "இன்னமும் என்ன சின்னப் புள்ளையா? அக்கட்டால தள்ளி உக்காரு" என்றாள். சொன்னது மகளிடம். தள்ளி உட்கார்ந்தது ராக்கியப்பன். அப்படித் தள்ளினவர் எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், எப்போது திரும்பி வரலாம் என்று யாரும் சொல்லாததால் தள்ளிக்கொண்டே போய்விட்டார். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கின அன்றைக்கு அவள் கடைக்கு ஓடிவந்து, "அப்பா!" என்று இரண்டு கைகளையும் விரித்தபோது, அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த புண்ணாக்கு மூட்டையைத் தூக்கி முன்னால் பிடித்துவிட்டார். அவள் அந்த மூட்டையைத்தான் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மற்றபடி அவர் குறை வைத்தவர் இல்லை. மகளுக்குப் பிடித்த கம்பு லட்டு வாங்கச் சத்தியமங்கலம் வரைக்கும் போவார். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு மனைவி சாரதாமணியிடம், "அந்தப் புள்ளைக்குக் கசாயம் வெச்சுக் குடுத்தியா?" என்று சத்தம் போடுவார். ஆனால் அந்தப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்க மட்டும் அவருக்கு வரவில்லை.

கல்யாணத்தில் தாரை வார்க்க வேண்டுமே, அங்கேதான் வந்தது வில்லங்கம். பெற்றவர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும், பெற்றவள் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை தீபனுக்கு ஊர் பாலத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளியம்பாளையம். அங்கே யாருக்கும் எதுவும் ஒட்டுவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா பாவாத்தாள், பேசினால் பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்துகொள்ளும், அப்படிப்பட்ட குரல். கல்யாணம் பேச வந்தவர் ராக்கியப்பன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"உங்கூரு சமாச்சாரமெல்லாம் கேள்விப்பட்டேனுங். தப்பா நெனச்சுக்காதீங்க. முகூர்த்த நேரத்துல உங்க கை ஒட்டிட்டு வுடலீன்னா, எங்க பையன் பொண்டாட்டியக் கூட்டீட்டு வரோணுமா, மாமனாரையும் சேத்துக் கூட்டீட்டு வரோணுமா? அதனால ஆசுபத்திரியில டாக்டருங்க போடற கிளவுஸ் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்குங்க."

கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கிற அருமைக்காரர் குமாரசாமி, "ரப்பருக்கெல்லாம் தாரை வாக்க முடியாதுங்க" என்று இழுத்தார்.

"ஏன் முடியாது? தண்ணி பட்டாக்கூட நனையாது, நல்லதுதான்" என்றார் பாவாத்தாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ராக்கியப்பன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை சாரதாமணி மட்டும் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் வந்து எதிரில் நின்றாள். "ஏனுங், கிளவுஸுன்னதும் உங்களுக்குச் சந்தோசமாட்ட இருக்குது? பெத்த புள்ளை கையத் தொட்டு அனுப்பறதுக்கு ரப்பர் வேணுமுங்களா? இன்னும் நாள் கெடக்குது. தெனமும் சித்த சித்தத் தொட்டுப் பழகுங்க. இருக்கற ஆசையெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக் கழிஞ்சுச்சுன்னா முகூர்த்தத்துல லேசா ஒட்டீட்டு வுட்றும்."

நல்ல யோசனைதான். ராக்கியப்பன் செய்து பார்க்காமலும் இல்லை. மகள் காபி கொண்டுவந்து தரும்போது விரல் படுகிற மாதிரி டம்ளரை வாங்க நினைத்தார், அவள் டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள், வருஷக்கணக்காக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மாதிரி தெரிகிறதே என்று ஒருநாள் கிட்டே போனார், அவள் உடனே தெர்மாமீட்டரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் நெற்றியில் கொசு உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக் கையை ஓங்கினார், அவள் பயந்து எழுந்தே விட்டாள், பார்த்தவர்களுக்கு அவர் கல்யாணப் பெண்ணை அடிக்கப் போன மாதிரி இருந்தது. கடைசியில் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடை வாசலில் அன்றைக்கு ஒரு சம்பவம். தவிடு வாங்க வந்த பங்காளி நாச்சிமுத்து தன் எருமையைக் கட்டாமல் நிறுத்தியிருந்தார். ராக்கியப்பன் தன் கவலையில், யோசனையே இல்லாமல், துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து அதன் நெற்றியைத் தடவினார். கை ஒட்டிக்கொண்டது. எருமைக்கு மத்தியான மேய்ச்சல் நேரம், அது பாட்டுக்குக் கிளம்பியது, ராக்கியப்பனும் வெள்ளை வேட்டியோடு கூடவே போனார், கடைவீதி வழியாக, பள்ளிக்கூடத்து வழியாக, கோயில் வழியாக, நல்லாயிருக்கீங்களா என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் நல்லாயிருக்கறனுங் என்று பதில் சொல்லிக்கொண்டே போய், குட்டையில் அது இறங்கினபோது தானும் முழங்கால் வரைக்கும் இறங்கி, அது குடித்து முடித்துத் தலையைத் தூக்கும் வரைக்கும் நின்றார். அதன் பிறகுதான் விட்டது. ஊர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஒரு திருவிழாவுக்குக் காணும். கல்யாணத்தில் என்ன ஆகப்போகிறது என்று டீக்கடையில் கட்சி பிரிந்துவிட்டது. எருமைக்கே இந்த ஒட்டு ஒட்டினவர் மகளுக்கு மறுவீடு வரைக்கும் விடமாட்டார் என்றது ஒரு கட்சி. தொட்டே பழக்கமில்லாத மனுஷன், ஒட்டவே ஒட்டாது என்றது இன்னொரு கட்சி.

ராக்கியப்பனுக்கு இந்த இரண்டாவது கட்சியின் பேச்சுதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒட்டிக்கொண்டால் என்ன, முகூர்த்தம் தவறும், சம்பந்தியம்மா சத்தம் போடுவார், போனால் போகட்டும். ஒட்டாமல் போனால்? இவ்வளவு ஜனத்துக்கு முன்னால், ரைஸ்மில்காரர் கையை எடுத்த மாதிரி அவர் கையும் சுலபமாக வந்துவிட்டால்? எருமைக்கு ஒட்டின கை தனக்கு ஒட்டவில்லை என்று அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டு இருக்க வேண்டுமா? உபயோகிக்காத மோட்டார் துருப்பிடிக்கிற மாதிரி தன் கைக்கும் ஆகியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். அதனால் டவுனுக்குப் போய் மெடிக்கல் ஷாப்பில் தானே ஒரு ஜோடி கையுறை வாங்கினார். கடைக்காரர் சைஸ் கேட்டார். "ஓட்டையில்லாம இருந்தாப் போதும்" என்றார் ராக்கியப்பன்.

கல்யாணத்தன்று பூலாங்காட்டூர் மண்டபம் கொள்ளவில்லை. பத்திரிகை வைக்காதவர்களும் வந்திருந்தார்கள். மணவறைக்குக் கிட்டே நாற்காலி பிடிக்க விடியும் முன்பே துண்டு போட்டு வைத்திருந்தார்கள். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, வலது கையில் மட்டும் வெளிர்நீல ரப்பர் கையுறையோடு ராக்கியப்பன் மேடை ஏறினபோது, ஆபரேஷன் பண்ணப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, முன்வரிசை சிரித்தது. அவர் எங்கேயும் பார்க்கவில்லை. சாரதாமணி செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நின்றாள். தீபன் கையை நீட்டினான். மோகனா கையை நீட்டவில்லை.

"புள்ளே, கையக் குடு சாமி, நேரமாச்சு" என்றார் அருமைக்காரர்.

மோகனா தலையைத் தூக்காமல், தகப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அப்பா, அதக் கழட்டுங்."

"உங்க மாமியா..."

"அவிங்க கெடக்கறாங்க. கழட்டுங்பா."

ராக்கியப்பனின் நெற்றியில் வியர்த்தது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். இத்தனை நாளாக மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் மகளிடம் சொன்னார். "ஒட்டலீன்னா என்ன பண்றது கண்ணு?"

மோகனா அப்போதுதான் நிமிர்ந்தாள். இந்த ஆள் கை ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படவில்லை, ஒட்டாது என்று பயந்துகொண்டிருக்கிறார் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்து மை கலங்கினது, ஆனால் சிரித்தாள்.

"ஒட்டலீன்னா நான் புடிச்சுக்கறேனுங்பா" என்றாள்.

அவர் கையுறையை உருவினார். வியர்வையில் அது வரமாட்டேன் என்றது, விரல் விரலாக இழுத்து, கடைசி விரல் வந்தபோது 'டப்' என்று சத்தம் கேட்டது, மண்டபம் அவ்வளவு அமைதி. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையை அவர் வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, மகளின் கையை எடுத்தார். எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். சாரதாமணி தண்ணீர் ஊற்றினாள். அவள் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றினதில் பாதித் தண்ணீர் அருமைக்காரர் மடியில் போயிற்று.

தீபனின் சுண்டுவிரல் மட்டும் மோகனா கையில் லேசாக ஒட்டி உடனே விட்டது. "அதுக்குள்ள ஒட்டீருச்சா!" என்றார் பாவாத்தாள், செல்போனில் மாதக்கணக்காக என்ன பேசினார்கள் என்று அவருக்கு அப்போது விளங்கிவிட்டது. ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் ராக்கியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுக்க வேண்டும், எடுத்து விலக வேண்டும். மெதுவாக இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். மோகனா மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மண்டபம் 'ஓ'வென்று ஆர்ப்பரித்தது, மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே கெட்டிமேளம் கொட்டினார்கள், டீக்கடையின் முதல் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டார்கள். ராக்கியப்பன் அழுதார். சத்தமாக, மூக்கு ஒழுக, ஐம்பத்தைந்து வயது மனுஷன் மணவறையில் உட்கார்ந்து அழுதார், துடைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது.

கொட்டின மேளத்தை வீணாக்க வேண்டாம் என்று அருமைக்காரர் அந்தச் சந்தடியிலேயே தாலியை எடுத்துக் கொடுக்க, தீபன் கட்டினான். மூன்று பேரும் சேர்ந்து மணவறையைச் சுற்றி வந்தார்கள். அருந்ததி பார்க்க வெளியே போனபோது ராக்கியப்பனும் பார்த்தார், பகல் என்பதால் மூன்று பேருக்கும் தெரியவில்லை. மொய் எழுதினவர்கள் ஃபோட்டோவுக்கு நின்றபோது எல்லாப் படத்திலும் அவர் நடுவில் விழுந்தார். பந்தி முழுக்க முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிற நேரம் வந்தும் கை விடுகிற வழியாக இல்லை.

பாவாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "நான் அன்னைக்கே சொன்னேனுங். சொன்னா யாரு கேக்கறா? செரி, ஏறுங்க. பாலந் தாண்டுனா வுட்றும்ல, எறக்கி வுட்டுட்டுப் போறோம். பின்னாடி வர்ற உங்கூரு வேன் உங்கள ஊடு கொண்டு போய் வுட்டுரும்."

காரில் முன்னால் பாவாத்தாள் உட்கார்ந்தார். பின்னால் ஒரு பக்கம் தீபன், நடுவில் மோகனா, இந்தப் பக்கம் ராக்கியப்பன். மகளின் கை தன் கைக்குள் எவ்வளவு பெரியதாகிவிட்டது என்று அவர் பார்த்துக்கொண்டே வந்தார். மருதாணிக்கு அடியில், ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு இருந்தது, அது எப்போது பட்டதென்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார். தேங்காய் உடைக்கும்போது என்றாள், காலேஜ் படிக்கும்போது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கார் பாலத்தில் ஏறியது. பாலத்தின் நடுவில், வாய்க்கால் தண்ணீருக்கு மேலே, அவர் உள்ளங்கையில் இறுக்கம் தளர்ந்ததை அவர் நன்றாக உணர்ந்தார். காற்று உள்ளே புகுந்தது. கை விட்டுவிட்டது.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். ராக்கியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாய்க்கால் கரையில் கொக்கு இருந்தது, அதைப் பார்த்தார்.

"சம்மந்தி, பாலந் தாண்டியாச்சு. வுட்ருச்சுங்களா?"

"இல்லீங்" என்றார் ராக்கியப்பன். இவ்வளவு காலத்தில் எடைக்கல்லில்கூடப் பொய் சொல்லாத மனுஷன். "இன்னும் கெட்டியாத்தானுங் இருக்குது. எங்க பஞ்சாயத்து எல்லை அந்த வேப்பமரம் வரைக்கும் வருமுங்."

வேப்பமரம் வந்தது, போயிற்று.

"இப்பங்?"

"இன்னும் இல்லீங்."

மோகனா அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். தெரிந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்படியே எவ்வளவு தூரம் போக முடியும், எப்படியும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், மானம் போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளியம்பாளையம் வந்துவிட்டது.

பாலத்தைத் தாண்டியும் விடவில்லையாம் என்ற செய்தி காருக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. ஒட்டுவதைக் கேள்வி மட்டுமே பட்டிருந்த ஜனம் வாசலில் கூடி நின்றது. எல்லையைத் தாண்டியும் விடாத ஒட்டு பூலாங்காட்டூரிலேயே இதுவரைக்கும் கிடையாது என்று வேனில் வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஆரத்தித் தட்டோடு வந்தவள் இரண்டு பேருக்குச் சுற்றுவதா மூன்று பேருக்கா என்று தடுமாறி, மூன்று பேருக்கும் சேர்த்துச் சுற்றினாள். மோகனா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள், ராக்கியப்பனும் எதற்கும் இருக்கட்டும் என்று வலது காலையே வைத்தார். ஒரு பெரியவர் அவர் கையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ராக்கியப்பனுக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது, உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

விருந்துக்கு இலை போட்டார்கள். இரண்டு பேருக்கும் வலது கை இல்லை. இடது கையால் சாப்பிட முடியுமா, அதுவும் புது வீட்டில்? வேறு வழியில்லாமல் தீபன் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாய் பெண்டாட்டிக்கும் ஒரு வாய் மாமனாருக்குமாக ஊட்ட ஆரம்பித்தான். நல்ல பையன், மாமனாருக்குச் சோற்றை நன்றாகவே பிசைந்தான். வேனில் வந்த சாரதாமணி எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாவாத்தாள் கரண்டியோடு பந்தித் தலைப்பில் நின்றார். மொத்தக் கூடமும் இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாயசம் வந்த நேரத்தில் ஒரு ஈ எங்கிருந்தோ வந்து மோகனாவின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவள் தலையை ஆட்டினாள், போகவில்லை. மூக்கைச் சுளித்தாள், போகவில்லை. தீபன் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே, யோசனையே இல்லாமல், அப்பாவின் கைக்குள்ளிருந்த வலது கையை எடுத்து அந்த ஈயை ஒரு தட்டுத் தட்டினாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. சாம்பார் வாளி நின்றது. மோகனாவின் கை காற்றில் நின்றது, ராக்கியப்பனின் கை வெறுமையாகப் பாயில் மல்லாந்து கிடந்தது. அவருக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. தலை குனிந்து, அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், இத்தனை நாளும் வைத்திருந்த மாதிரி துண்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று தேடினார்.

மோகனா ஈ போன திசையைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கையைக் கீழே கொண்டுவந்து, அப்பாவின் உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களைக் கோத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். பாவாத்தாள் கரண்டியைப் பிடித்தபடி அந்த இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்துகொள்கிற அதே குரலில், மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் தீபா, என்னடா வேடிக்க பாத்துட்டு உக்காந்திருக்கற? கை ஒட்டிப்போன மனுசன் எப்பிடிடா சாப்புடுவாரு? ரசம் ஊத்திப் பெசஞ்சு குடுறா மாமனுக்கு!"

ராக்கியப்பன் வாயைத் திறந்தார்.